இரண்டடுக்கு டிஸ்க்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. படுக்கையை மடித்து அலமாரியில் வைத்தேன். பல் துலக்கினேன். குக்கரில் சோறு தயாராக இருந்தது. சோயா விழுது கரைத்த மிசோ சூப்பில் தோஃபுவும் வெங்காயத்தாளும் நறுக்கிப் போட்டேன். முதல் கரண்டி சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து என் மனைவி மினோரியின் படத்துக்கு முன்னால் வைத்தேன். தண்ணீரை மாற்றினேன். ஊதுவத்தி ஏற்றி, மணியை ஒரு தட்டு தட்டி, கை கூப்பினேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் குப்பையை வெளியே வைக்கும் வேலை இல்லை. அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாமனார் இறங்கி வந்தார். மினோரியின் அப்பாவை நானும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் புளித்த சோயாப் பயறை, நட்டோவை, கலக்க ஆரம்பித்து, நிறுத்த மறந்துபோய்க் கலக்கிக்கொண்டே இருந்தார். ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.

போன நவம்பர் வரை இந்த வீட்டில் அந்தச் சத்தம் அடிக்கடி நின்றுபோகும். அவர் இசை அறைக்குள் போகிறார் என்றால் முதலில் ஃப்ரிட்ஜ் அணையும். அடுத்து ஏர் கண்டிஷனர், குளியலறை ஹீட்டர், என் போன் சார்ஜர். மோட்டார் ஓடினால் வீட்டு மின்சாரம் அழுக்காகிவிடும், அந்த அழுக்கு வயலினில் தெரியும் என்பார். தெருவின் மின்சாரத்தையே நம்பாதவர். தோட்டத்தில் எங்களுக்கென்று தனி மின்கம்பம் நட்டு, அதில் எங்களுக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் தொங்கவிட்டிருக்கிறார். எங்கள் தகாசாகியில் குளிர்காலத்தில் மலையிலிருந்து காற்று இறங்கும்போது அந்தக் கம்பி ஊளையிடும். அதை மட்டும் அவரால் அணைக்க முடியவில்லை.

அவர் உள்ளே கேட்டு முடிக்கும் வரை மினோரியும் நானும் அடுப்படியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மினோரி அதற்கு ஊரடங்கு என்று பெயர் வைத்திருந்தாள்.

இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நவம்பரில் ஒரு சாயங்காலம் இசை அறைக் கதவுக்கு வெளியே, நடையில், மினோரி இறந்துபோனாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. உள்ளே அப்பா டிஸ்க் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதவு இரண்டு கதவுகளைச் சேர்த்த கனம். சுற்றிலும் ரப்பர். டிஸ்க் சுற்றும்போது யாரும் அதைத் திறக்கக் கூடாது. மினோரியும் அவள் தங்கையும் சிறுமிகளாக இருந்த காலத்திலிருந்தே அதுதான் சட்டம். அவர்கள் அம்மா உயிரோடு இருந்தபோது அவரும் அதை மீறியதில்லையாம்.

டிஸ்க் முடிந்து அவர் கதவைத் திறந்தபோது, மினோரி முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து வந்த கோட்டு இன்னும் மேலேயே இருந்தது. அவள் அப்படித் தூங்கிப்போவது வழக்கம்தான். அவர் ஒரு போர்வை எடுத்துவந்து போர்த்திவிட்டார். ஃப்ரிட்ஜைப் போட்டார். குளிக்கத் தண்ணீர் திறந்துவிட்டார். நான் வந்தது அதற்குப் பிறகு.

சீக்கிரம் பார்த்திருந்தால் என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் அந்த அறைக்குள் போகவில்லை. என்னிடம் ஒரு கேள்வியையும் கேட்கவில்லை. மினோரியின் மடியில் கிடந்த போனில் கடைசி அழைப்பு என் பெயரில் இருந்தது. அதை அவர் பார்த்தார். அவள் கதவைத் தட்டினாளா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தட்டியும் தனக்குக் கேட்கவில்லை என்றுதான் அவர் நினைக்கிறார். எனக்குப் பதில் தெரியும். அவர் கேட்காததால் நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் குளிர்காலம் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நட்டோவைக் கீழே வைத்துவிட்டு, நிஷிவாகி வருகிறான், பிளேயரை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். ஸ்பீக்கரும் மற்றதும் அடுத்தடுத்துப் போகுமாம். விலை பேசினாரா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார். சும்மா கொடுக்கிறார்.

நாகிசா மயேபாஷியிலிருந்து தன் சின்னக் காரில் வந்து இறங்கினாள். மினோரியின் தங்கை, பாலர் பள்ளி டீச்சர். நடு அறையில் ஊதுவத்தி ஏற்றினாள். வாங்கி வந்த யாகிமான்ஜூப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அத்தான், இன்னைக்கு அப்பா கேட்கப் போறார்."

எதை என்றேன்.

"தெரியாத மாதிரி பேசாதீங்க. சாமான் வெளிய போச்சுன்னா ரூம் காலியாத் தெரியும். பார்த்ததும் கேட்பார். கேட்டா, அக்காவுக்கு விழுந்ததே தெரியல, தட்ட நேரமே இல்லைன்னு சொல்லுங்க. நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"நடந்தது அதுதானான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிய வேணாம். எனக்கும் சொல்லிடாதீங்க." பொட்டலத்தை இப்போதுதான் பிரித்தாள். மிசோ தடவிச் சுட்ட அந்த மாவு உருண்டைகள் ஆறிப்போயிருந்தன. ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, நீகாதா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

என் கம்பெனி என்னை நீகாதா கிளைக்குப் போகச் சொல்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாகிசாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். போங்கள் என்றாள். மாமனாரும் மருமகனும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா, அதற்கு அக்கா படத்தையே இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே பிடிக்கவில்லை. சிங்க்கில் கை கழுவ ஆரம்பித்தாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.

நிஷிவாகி பல் டாக்டர். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்து நண்பர். இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க ஸ்பீக்கரிலும் கேபிளிலும் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தவர்கள். அப்பா மின்கம்பம் நட்ட மாதத்தில் அவர் தன் கிளினிக்குக்கு மேலே தரையைப் பெயர்த்துவிட்டுக் கருங்கல் போட்டார். பெரிய காரில், போர்வைகளும் வெள்ளைக் கையுறையுமாக வந்தார். வாசலிலேயே, "என்னய்யா, இன்னும் உயிரோடதான் இருக்கியா" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்று உறைத்தது. படத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டு, தேவைக்கு மேல் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்பா எங்களோடு நடைவரை வந்தார். கதவுக்கு மூன்று எட்டு முன்னாலேயே நின்றுவிட்டார். மினோரி சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தோம்.

நான் கதவைத் திறந்தேன். உள்ளே குளிர்ந்த மர வாசனை. ஸ்பீக்கர்கள் இரண்டும் துணி போர்த்தி நின்றன. நாற்காலி ஒன்றுதான். அந்த அறையில் இரண்டாவது ஆளுக்கு எப்போதும் தரைதான். வீட்டில் மினோரி மட்டும் அங்கே உட்கார்ந்து கேட்டதுண்டு. என்னை ஒரு தடவை கூப்பிட்டார். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். மறுபடி கூப்பிடவில்லை.

பிளேயரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நிஷிவாகி கேட்டார், "உள்ள டிஸ்க் எதுவும் இல்லையே? இருந்தாத் தூக்கும்போது லென்ஸ் போயிடும்."

நடையில் நின்ற அப்பாவுக்கு ஞாபகம் இருந்திருக்காது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றைய டிஸ்க் உள்ளேயே இருக்கும். அதை வெளியே எடுக்க யாரும் போகவில்லை.

நிஷிவாகி பிளேயரைப் போட்டார். முகப்பு இருட்டாகவே இருந்தது. அப்பா அதன் டிஸ்ப்ளேயை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். அந்தச் சின்ன எழுத்துகளின் வெளிச்சம்கூட ஒலிக்குள் கசியும் என்பது அவர் நம்பிக்கை. அவர்கள் கூட்டத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நிஷிவாகி ரிமோட்டைத் தேடி எடுத்து டிஸ்ப்ளேயைப் போட்டார். நீல எழுத்து தெரிந்தது.

"எதுக்குய்யா சாதா சி.டி.யப் போட்டு வெச்சிருக்க?"

"சி.டி. இல்ல," என்றார் அப்பா, நடையிலிருந்தே. "சூப்பர் ஆடியோ. குவார்ட்டெட்."

"இங்க சி.டி.ன்னுதானே போட்டிருக்கு."

நிஷிவாகி தட்டைத் திறந்தார். டிஸ்க்கை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டினார். அப்பா சொன்ன டிஸ்க்தான். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. இந்த மாதிரி டிஸ்க்குகளில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்றில் உயர்தர ஒலி, அதற்குத்தான் காசு. இன்னொன்று சாதாரண சி.டி., எந்த வீட்டுப் பெட்டியிலும் ஓடட்டும் என்று சேர்த்துவிடுவது. எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல பிளேயரில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தடவை மாற்றிவிட்டால், மறுபடி மாற்றும் வரை அது அப்படியே கிடக்கும். டிஸ்ப்ளே எரிந்தால் எந்த அடுக்கு என்று எழுத்தில் தெரியும். அணைத்து வைத்திருந்தால் தெரியாது.

நிஷிவாகிக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டார். "கம்பம் நட்டான்யா. சி.டி. கேக்கறதுக்குத் தனியாக் கம்பம் நட்டான்."

அப்பா உள்ளே வந்தார்.

நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. யாரும் கூப்பிடவில்லை, அவர் பாட்டுக்கு அந்த மூன்று எட்டையும் கடந்து வந்துவிட்டார். கண்ணாடியை மேலே தள்ளிக் குனிந்து டிஸ்ப்ளேயைப் பார்த்தார். டிஸ்க்கை வாங்கித் திரும்பத் தட்டில் வைத்து உள்ளே அனுப்பினார். அதே நீல எழுத்து வந்தது.

திரும்பாமலேயே, "உனக்குத் தெரியுமா?" என்றார்.

என்னைத்தான். தெரியும் என்றேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் சொன்னேன். முந்தின வருஷக் கோடையில் மினோரி தூசி துடைக்கும்போது கை பட்டு அந்தப் பொத்தான் மாறியிருக்கிறது. அவளுக்கும் அப்போது தெரியாது. அன்று சாயங்காலம் அப்பா அறையிலிருந்து வெளியே வந்து, இன்றைக்கு ஒலி திறந்துகொண்டது, கம்பம் இப்போதுதான் பழகியிருக்கிறது என்றாராம். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று என்று மினோரி என்னிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்து மறுபடி துடைக்கும்போது டிஸ்ப்ளேயைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அதற்குள் அவர் நண்பர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது. சொல்லாமல் திருப்பி மாற்றிவிடு என்று நான் சொன்னேன். மாற்றின பிறகு முன்ன மாதிரி இல்லையே என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

அப்பா நிஷிவாகியைப் பார்த்தார். "அந்தக் கோடையில நீயும்தானே வந்த. இந்த நாற்காலியிலதான் உக்காந்த. கண்ண மூடிக்கிட்டு என்ன சொன்ன?"

நிஷிவாகி கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக. "வாசிக்கறவன் மூச்சு விடறதுகூடக் கேக்குதுன்னு சொன்னேன்."

நடையில் நின்றிருந்த நாகிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் இந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. நிஷிவாகியும் சிரித்தார், இந்தத் தடவை தன்னைப் பார்த்து. அப்பா சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிஷிவாகிக்கு ஈடுகட்ட வேண்டும்போல இருந்திருக்கும். இப்போது சரியான அடுக்கில் போடுகிறேன், கேள் என்றார். ஸ்பீக்கர் துணிகளை எடுத்தார். ஆம்ப்ளிஃபயர் சூடாகட்டும் என்று காத்திருந்தோம். பழக்கத்தில் அவர் கதவைச் சாத்தப் போனார்.

"திறந்தே இருக்கட்டும்," என்றார் அப்பா.

ஃப்ரிட்ஜை அணைக்க யாரும் போகவில்லை. நடைக்கு அந்தப்பக்கம் அது ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.

மெதுவாகப் போகும் பகுதியைப் போட்டார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் போனதும் ரிமோட்டை வாங்கி சி.டி. அடுக்குக்கு மாற்றி, அதே இடத்தைத் திரும்பக் கேட்டார். மறுபடி மாற்றினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது காதைக் கொடுத்தார். பிறகு வலது காதை. எத்தனை தடவை என்று நான் பார்க்கவில்லை. நிஷிவாகி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் ஜன்னல் செங்கல் வைத்து அடைத்தது.

கடைசியில் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல," என்றார்.

வயசானால் மேல்ஸ்தாயி போய்விடும், எனக்கும் போய்விட்டது, சின்ன வயசிலும் பாதிப் பேருக்குத் தெரியாது என்று நிஷிவாகி ஏதேதோ சொன்னார். அப்பா கேட்டாரா என்று தெரியவில்லை.

"சி.டி.ய விட இது நல்லா இருக்கு," என்றாள் நாகிசா. கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். "அது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வாசிக்கற மாதிரி இருந்துச்சு. இதுல கண்ணாடி இல்ல."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். "உனக்குக் கேக்குதா?"

"கேக்குதே."

"நீ ஒரு நாளும் உள்ள வந்ததில்லையே."

"நீங்க கூப்பிட்டதில்ல."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் அப்பாவால் அதற்கு மேல் அவளைப் பார்க்க முடியவில்லை.

நிஷிவாகி கொண்டுவந்த போர்வைகளைத் திரும்ப மடித்தார். பிளேயர் இருக்கட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். வாசலில் ஷூ போடும்போது என்னிடம் மட்டும், அவன் என்னிடம் சும்மா கொடுக்கிறேன் என்றபோதே எனக்குப் பயமாக இருந்தது, நீ பக்கத்தில் இரு என்றார். நான் நீகாதாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் நாகிசா பட்டையான நூடுல்ஸைக் காய்கறியோடு கொதிக்க வைத்தாள். அப்பா அறையை விட்டு வரவில்லை. கிண்ணத்தை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். உள்ளே உணவு கொண்டுவரக் கூடாது என்பதும் அந்த அறையின் சட்டம்தான். அவர் தடுக்கவில்லை. மறுபடி போய்ப் பார்த்தபோது நூடுல்ஸ் ஊறிப் பெருத்திருந்தது.

வீட்டுக்கு வெளியே காற்று இறங்க ஆரம்பித்தது. மின்கம்பிச் சத்தம் வந்தது. நாகிசா கிளம்ப வேண்டிய நேரம். சொல்லிக்கொள்ள இருவரும் நடைக்குப் போனோம்.

அப்பா அறைக்குள் இல்லை. நடையில், சுவரில் சாய்ந்து, மினோரி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்காலை அவளைப்போலக் கட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். வளையவில்லை, ஒரு காலை நீட்டியிருந்தார்.

நாகிசா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நாகிசா," என்றார் அவர். "நீ உள்ள போ. நாற்காலியில உக்காரு. அன்னைக்கு வெச்ச அதே சத்தம்தான், குமிழத் தொடாத. மெதுவா வர்ற பகுதியப் போடு. கதவச் சாத்திக்க."

"எதுக்குப்பா?"

"இங்கேர்ந்து என்ன கேக்குதுன்னு பாக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். காலையில் அடுப்படியில் சொன்னதைக் கண்ணால் இன்னொரு தடவை சொன்னாள். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உள்ளே போனாள். கதவு மூடும்போது ரப்பர் காற்றை விழுங்கும் சத்தம் வந்தது. அதோடு அவள் இல்லாததுபோல ஆகிவிட்டது.

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பலகை சில்லென்று இருந்தது.

காத்திருந்தோம். அவர் தலையைத் திருப்பிச் சுவரில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, போட்டுவிட்டாளா என்று கேட்டார். போட்டிருப்பாள் என்றேன். எனக்கு எங்கோ அடியில் கனமாக ஒன்று நகர்வதுபோல இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

"ஒண்ணும் கேக்கல," என்றார். "இங்கேர்ந்து உள்ளயும் ஒண்ணும் கேக்காது. நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். கட்டி முடிச்சதும் உங்க அத்தைய இங்க நிக்க வெச்சு, உள்ளேர்ந்து கத்திப் பாத்தேன். அப்புறம் அவள உள்ள வெச்சு இங்கேர்ந்து கத்திப் பாத்தேன். ஒண்ணும் கேக்கலன்னதும் ரெண்டு பேருக்கும் அவ்ளோ சந்தோஷம்."

அவர் சுவரிலிருந்து காதை எடுத்தார்.

"நான் கேட்டது ஒசந்த அடுக்கும் இல்ல," என்றார். "வெறும் சி.டி. அதுக்குத்தான் இந்தக் கதவச் சாத்திக்கிட்டேன்."

காற்று நின்று மறுபடி வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கத்து வெளிச்சத்தில் அவர் முகத்தில் மினோரியின் நெற்றி தெரிந்தது. இதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

"தட்டினாளா, ரியோஹெய்?"

நாகிசா சொன்னதுபோலச் சொல்லலாம். விழுந்ததே தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் அவர் நம்ப மாட்டார், ஆனால் மறுபடி கேட்கவும் மாட்டார். தட்டவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தலாம். அது பொய் இல்லை. தட்டியும் கேட்காமல் போன அப்பா இல்லை அவர் என்று ஆகிவிடும். அதோடு எழுந்து போய் நூடுல்ஸைச் சூடு பண்ணலாம்.

"தட்டலப்பா," என்றேன்.

அவர் மூச்சு விட்டார். பிறகு, நான் நினைத்ததுபோலவே, அதோடு நிற்கவில்லை.

"ஏன்? நேரமில்லையா? கடைசியா உங்கிட்ட என்ன சொன்னா?"

உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது. நாகிசாவுக்கு நாங்கள் பேசுவது கேட்காது.

நான் சொன்னேன். அன்று சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். மினோரி போன் பண்ணினாள். இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், தலை பயங்கரமாக வலிக்கிறது, இந்த மாதிரி வலித்ததே இல்லை என்றாள். அப்பாவை உடனே கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல் என்றேன். கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். தட்டு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே அவருக்குச் சொன்னேன்.

"கதவுல காத வெச்சாச் செல்லோ மட்டும் கேக்குது, நல்லா இருக்கு. இது முடியட்டும், அப்புறம் தட்டறேன்."